பள்ளித் தலைமைத்துவத்தில் பிஎச்.டி.: வேலூர்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கு முதல் படியிலிருந்து

எம்.எட். முடித்துவிட்டுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் பிஎச்.டி. பற்றி விசாரிக்க ஆரம்பித்தால், "எந்த யுனிவர்சிட்டியில் சேரலாம், எவ்வளவு செலவாகும்?" என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" முதலில் கேள்வி, பிறகு வழிகாட்டி, அதன் பிறகுதான் விண்ணப்பம். பதிவு செய்துவிட்டுத் தலைப்புக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் நல்ல ஆசிரியர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

படி 1: என்ன பட்டம், எதற்காக

அமெரிக்காவில் கல்வி நிர்வாகத்துக்கென்றே எட்.டி. என்ற முனைவர் பட்டம் உண்டு. ஹார்வர்டில் 1920களிலேயே அதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் வழி வேறு. கல்வியியலில் பிஎச்.டி. பதிவு செய்து, ஆய்வுத் தலைப்பைப் பள்ளி நிர்வாகத்திலோ தலைமைத்துவத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு நடுவில் இருந்த எம்.பில். இப்போது கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளோடு அது முடிந்துவிட்டது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

எதிர்பார்ப்பையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் எச்.எம். ஆவது பணிமூப்பு வரிசையில்தான், அதற்கு பிஎச்.டி. தேவையில்லை. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வையும் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பி.எட். கல்லூரி வேலைக்குப் பட்டம் உதவும். மற்றபடி, பள்ளி எப்படி நடக்கிறது, ஏன் சில பள்ளிகள் மட்டும் நன்றாக நடக்கின்றன என்பதை அறியும் ஆசை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

படி 2: உங்கள் பள்ளியிலிருந்தே ஒரு கேள்வி

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். "தலைமை ஆசிரியர்களின் தலைமைப் பண்பும் ஆசிரியர்களின் பணி நிறைவும்" என்கிற மாதிரித் தலைப்புகளை ஷோத்கங்கா தளத்தில் தேடினால் ஏராளமாகக் கிடைக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கக்கூடிய களஞ்சியம் அது. உங்கள் துறையில் வந்த சிலவற்றின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படியுங்கள். என்ன செய்தாகிவிட்டது என்று தெரிந்துவிடும். அதையே மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி மறுபடி செய்வதற்கு ஆறு ஆண்டு உழைக்க வேண்டாம்.

நம் பகுதியில் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்த அம்மாக்களில் பலர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பகலில் கூட்டம் வைத்தால் வருபவருக்கு அன்றைய கூலி குறையும். இப்போது கேள்வியைப் பாருங்கள்: கூட்டம் எப்போது, எப்படிக் கூட்டப்பட வேண்டும் என்பதில் தலைமை ஆசிரியர் எடுக்கும் முடிவு, அம்மாக்கள் வருவதையும் வாய் திறந்து பேசுவதையும் எப்படி மாற்றுகிறது? இது பள்ளித் தலைமைத்துவத்தின் நடு மையத்தில் இருக்கும் கேள்வி. பதிவேடு, கையெழுத்து, நேர்காணல் என்று தரவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

இன்னொன்று, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் உருது மீடியப் பள்ளிகள். 2006இல் வந்த தமிழ் கற்கும் சட்டத்தால் அங்கேயும் தமிழ் கட்டாயப் பாடமானது. வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அந்த எச்.எம்.கள் கால அட்டவணையை, ஆசிரியர்களை, மாலை வகுப்புகளை எப்படிக் கையாள்கிறார்கள்? ஜவ்வாது மலைப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில், பள்ளியையும் விடுதியையும் சேர்த்துப் பார்க்கும் தலைமை ஆசிரியரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? இப்படித் தேடுங்கள். கேள்வியை இரண்டு வரியில் எழுதி, கல்வித்துறை சாராத ஒரு நண்பரிடம் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால் சரி.

படி 3: வழிகாட்டி

சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறதே, காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை, அங்கே ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கேள்வியில் ஆர்வம் உள்ள, இடம் காலியாக உள்ள வழிகாட்டி எங்கே இருக்கிறார் என்பதுதான் விஷயம். பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. போனில் "சார், கைட்ஷிப் கிடைக்குமா?" என்று ஆரம்பிப்பதைவிட, அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, உங்கள் இரண்டு வரிக் கேள்வியோடு நேரில் போங்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள். அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருகிறார் என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

டெல்லியில் உள்ள நீபாவையும் ஒரு பார்வை பாருங்கள். கல்வித் திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்குமான தேசிய நிறுவனம் அது. பள்ளித் தலைமைத்துவத்துக்கென்று ஒரு தேசிய மையமே அங்கே இயங்குகிறது. அங்கே சேராவிட்டாலும் அவர்கள் வெளியிடும் பாடப்பொருள்கள் பயன்படும்.

படி 4: தடையின்மைச் சான்றும் நுழைவுத் தேர்வும்

பகுதி நேரமாகச் செய்ய யுஜிசி அனுமதிக்கிறது. ஆனால் வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அன்றாட வேலை தடையாக இருக்காது என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காக (தொடக்கத்தில் முடிக்க வேண்டிய பாட வகுப்புகள்) பணியிலிருந்து விடுவிப்போம் என்ற உறுதி. கோப்பு நகர நாளாகும் என்பதால் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும்போதே மனுவைக் கொடுத்துவிடுங்கள். தனியார் பள்ளி ஆசிரியர்கள் தாளாளரிடம் வாய்ச்சொல்லாக வாங்கினால் போதாது, லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள்.

2024 ஜூன் முதல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் செல்லும். ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகைத் தகுதி) இல்லாதவர்களுக்கு நெட்டுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம் எடை. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். கல்வியியல் தாளில் பத்து அலகுகள். ஆறாவது ஆய்வு முறை, ஒன்பதாவது கல்வி மேலாண்மை, நிர்வாகம், தலைமைத்துவம். இரண்டும் உங்களுக்கு எப்படியும் வேண்டியவை, அங்கிருந்தே தொடங்கலாம். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் தனி நுழைவுத் தேர்வும் வைக்கின்றன; அறிவிப்பைக் கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: "வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் பிஎச்.டி., வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம்" என்று வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அப்படிப்பட்ட பட்டங்களை அங்கீகரிப்பதில்லை என்று யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் சேர்ந்தே அறிவித்தன.

படி 5: கோர்ஸ் வொர்க்

குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீதம் எடுக்க வேண்டும். ஆய்வு முறையும் ஆய்வு நெறிமுறையும் அதில் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். மொத்தக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு; மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு உண்டு.

படி 6: கருவியும் களமும்

தலைமைத்துவ ஆய்வுகளில் பலர் பிலிப் ஹாலிங்கர் உருவாக்கிய அளவுகோலையோ பாஸும் அவோலியோவும் உருவாக்கியதையோ எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல கருவிகள்தான். ஆனால் உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும், நம் பள்ளிக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ அதிகாரம் இல்லாத நம் எச்.எம்.மை, அந்த அதிகாரம் உள்ள பிரின்சிபாலுக்கு எழுதிய கேள்விகளால் அளந்தால் தப்பான படம்தான் கிடைக்கும்.

சொந்தமாக வினாப்பட்டியல் தயாரித்தால், "தலைமை ஆசிரியர் நட்பாகவும் கண்டிப்பாகவும் இருக்கிறார்" என்று எழுதாதீர்கள். ஒரே வரியில் இரண்டு கேள்வி. "கடந்த ஒரு மாதத்தில் உங்கள் வகுப்புக்குத் தலைமை ஆசிரியர் எத்தனை முறை வந்தார்? வந்தபின் பாடம் பற்றி உங்களிடம் பேசினாரா?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்வது எல்லோருக்கும் எளிது.

அப்புறம், தாள்களை எச்.எம். கையில் கொடுத்து "எல்லாரிடமும் நிரப்பி வாங்கித் தாருங்கள் சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நிரப்பினால் எல்லாத் தாளிலும் 'முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்' என்றுதான் டிக் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு கவர் கொடுங்கள், பெயர் எழுதச் சொல்லாதீர்கள், ஒட்டிய கவரை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு விஷயம். பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய புள்ளிவிவரத்தில் 'வேலூர்' என்றால் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்தது. இன்றைய வேலூரோடு அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தவறும். ஒன்றிய வாரியாகப் பிரித்து எடுங்கள். மூன்று மாவட்டப் பள்ளிகளுக்கும் போவதென்றால் மூன்று முதன்மைக் கல்வி அலுவலர்களிடமும் அனுமதி வேண்டும். மலைப்பள்ளிகளில் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருபவற்றுக்கு அந்தத் துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

படி 7: எழுதுவது, சமர்ப்பிப்பது

களத்துக்குப் போய்வந்த அன்று இரவே ஒரு பக்கமாவது எழுதிவிடுங்கள். மேற்கோள்களைத் திரட்ட சோட்டெரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் அதை வைத்திருக்கலாம். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் போடும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து, ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கண்டுபிடித்ததை மூன்று பக்கத்தில் எளிய தமிழில் எழுதுங்கள். உங்களுக்குக் கதவு திறந்த ஒவ்வொரு தலைமை ஆசிரியருக்கும் ஒரு பிரதி, ராணிப்பேட்டை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு ஒன்று, முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு ஒன்று. கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றினால் அம்மாக்கள் வருகிறார்கள் என்று உங்கள் ஆய்வு காட்டியிருந்தால், பேரணாம்பட்டில் இருக்கும் எச்.எம்.முக்கு அந்தச் செய்தி அடுத்த கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.