ஃபேரி கதை சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறகு முளைத்த கையளவுப் பெண், கையில் ஒரு மந்திரக்கோல். ஃபேரி என்றதும் குழந்தைப் புத்தகங்கள் காட்டுவது இவளைத்தான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிராமத்து மக்கள் சொல்லிவந்த பழைய கதைகளில் இவளைத் தேடினால் கிடைக்க மாட்டாள்.

முதலில் அந்தச் சிறகு. பழைய கதைகளில் ஃபேரிகள் பறப்பது செடித் தண்டின் மேல் ஏறி, அல்லது ஒரு மந்திரச் சொல்லைச் சொல்லி. சிறகை ஒட்டவைத்தவர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஓவியர்கள். விக்டோரியா காலத்து ஓவியங்களும் மேடை நாடகங்களும் அதை நிலைநிறுத்திவிட்டன. 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் ஃபேரிகளோடு புகைப்படம் எடுத்ததாகச் சொன்னபோது, அந்தப் படத்திலும் சிறகு இருந்தது. ஒரு புத்தகத்துப் படங்களைப் பார்த்து வரைந்து வெட்டிய காகித உருவங்கள் அவை. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில்கூட நம்பிவிட்டார். 1983இல்தான் இருவரும், அப்போது பாட்டிகள், உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, 'குட்டி ஃபேரி என்பதே பிற்காலக் கற்பனை' என்று அடித்துச் சொல்வதும் தவறுதான். 13ஆம் நூற்றாண்டிலேயே டில்பரி ஊர் ஜெர்வேஸ் என்ற எழுத்தாளர் விரலளவுகூட இல்லாத ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அயர்லாந்தில் மண்மேடுகளுக்குள் வாழும், 'சீ' (Sídhe) என்று பெயர் கொண்ட ஃபேரிக் கூட்டத்தாரோ மனித உயரம். ஊருக்கு ஊர் மாறும்.

பெரிய தவறு வேறு. ஃபேரி என்றால் வரம் கொடுப்பவள், பிள்ளைகளுக்குத் தோழி என்று நினைத்துக்கொள்வது. அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே ஜனங்கள் பயந்தார்கள். அவர்கள் தரும் உணவைச் சாப்பிட்டால் திரும்பி வர முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், தங்கள் ஆளில் ஒன்றைத் தொட்டிலில் விட்டுவிடுவார்கள். அதைத் தடுக்க இரும்புச் சாமான் ஒன்றைத் தொட்டில் பக்கத்தில் வைப்பார்கள். நோயோடும் உடல் குறைபாட்டோடும் பிறந்த பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைத்த விளக்கம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளை எப்படி நடத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரியவர்களும் தப்பவில்லை. 1895 மார்ச் மாதம், அயர்லாந்தின் டிப்பரேரி பகுதியில் பிரிஜெட் கிளியரி என்ற தையற்காரப் பெண் நோயில் படுத்தார். இது என் மனைவி இல்லை, மாற்றி வைக்கப்பட்டவள் என்றார் கணவர் மைக்கேல். சொந்தக்காரர்கள் பிடித்துக்கொள்ள, கசப்பு மூலிகைச் சாற்றை வாயில் ஊற்றினார்கள். கடைசியில் மைக்கேல் அவரை எரித்துவிட்டார். அப்புறம் ஃபேரிகள் வாழ்வதாக நம்பப்பட்ட, பக்கத்திலிருந்த 'ஃபேரி கோட்டை' மண்மேட்டுக்குப் போய், உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று காத்திருந்தார். நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. மாற்றுப்பிள்ளைக் கதையை வெறும் வேடிக்கையாக எழுதுபவர்கள் இந்த வழக்கை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

உடனே 'அறியாமை' என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1999இல் கிளேர் மாவட்டத்தில் புதுச் சாலை போட ஒரு முட்புதரை வெட்ட இருந்தார்கள். அது ஃபேரிகள் கூடுமிடம் என்று கதைசொல்லி எடி லெனிஹான் எதிர்ப்புத் தெரிவித்தார். புதர் தப்பியது. அங்கே எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வெட்டுகிற கை தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

அப்புறம் 'ஃபேரி டேல்' குழப்பம். அந்தப் பெயருள்ள கதையிலெல்லாம் ஃபேரி இருப்பாள் என்று நினைத்துக்கொள்வது. சிவப்புத் தொப்பிச் சிறுமி, ஹான்ஸலும் கிரெட்டலும், இவற்றிலெல்லாம் ஃபேரியே கிடையாது. சிண்ட்ரெல்லாவுக்கு உதவும் ஃபேரி, பிரான்ஸில் எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட கதையில் வருகிறாள். கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் வடிவத்தில் அவள் இல்லை. அம்மாவின் கல்லறை மேல் வளர்ந்த மரமும் பறவைகளும்தான் உதவுகின்றன.

கதை எழுதப் போகிறீர்கள் என்றால் முதலில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஸ்காட்லாந்துப் பிரௌனி ராத்திரியில் வீட்டு வேலை செய்யும். புதுத்துணி கொடுத்தால் கிளம்பிப் போய்விடும். அயர்லாந்து லெப்ரகான் தனியாக உட்கார்ந்து செருப்புத் தைப்பவன். இரண்டையும் ஒரே காட்டில் சேர்த்து, மேலே சிறகையும் ஒட்டினால் எந்த ஊர்க் கதையும் ஆகாது.