மையலின் உறை இழந்த புற நரம்பை நுண்ணோக்கியில் வாசிப்பது எப்படி: தொடக்கநிலைச் செய்முறை விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை வட்டாரத்தில் நோய்க்குறியியல் பயிலும் இளம் மருத்துவர்களுக்கும் ஆய்வக நுட்பர்களுக்கும் நரம்பு பயாப்ஸி (சோதனைக்காக நரம்பிலிருந்து எடுத்த சிறு துண்டு) அன்றாடம் கைக்கு வரும் பொருளன்று. எப்போதாவது வரும் ஒரு துண்டை எண்ணெய் லென்ஸின் (100 மடங்கு) கீழ் அவசரமாக வைத்து, மெல்லிய உறையுடைய இரண்டு இழைகளைக் கண்டவுடன் ‘மையலின் இழப்பு’ (நரம்பு இழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை அழிதல்) என்று எழுதிவிடும் வழக்கம் இருப்பதால்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். நாள்பட்ட மையலின் இழப்பைக் கண்டறிவதில் பாதி வேலை குறைந்த பெருக்கத்திலேயே முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை ஒட்டியே அமைந்துள்ளது.

படி 1: துண்டைப் பெறுதலும் பிரித்தலும்

பெரும்பாலும் எடுக்கப்படுவது, கணுக்காலின் வெளிப்புற எலும்பு முனைக்குப் பின்னால் ஓடும் சூரல் நரம்பு. இது உணர்வு நரம்பு என்பதால் எடுத்த பின் காலில் பலவீனம் வராது. ஆனால் பாதத்தின் வெளி ஓரத்தில் மரத்துப்போன உணர்வு நிலைத்துவிடலாம் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். துண்டை இடுக்கியால் நடுவில் பிடிக்கவோ இழுக்கவோ கூடாது. நசுங்கிய நரம்பில் மையலின் தானாகவே சிதைந்து காட்சியளிக்கும்; அதை நோய் என்று வாசித்துவிடும் ஆபத்து பெரிது.

துண்டை மூன்றாகப் பிரிக்கவும். ஒரு பகுதி ஃபார்மலினில் இடப்பட்டு பாரஃபின் கட்டையாகும். இரண்டாவது பகுதி க்ளூட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தப்பட்டு, பின்னர் ஆஸ்மியம் டெட்ராக்ஸைடில் ஊறி, ரெசினில் புதைக்கப்படும். மூன்றாவது சிறு பகுதி, இழைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதற்கோ உறைநிலை வெட்டுக்கோ பயன்படும். உறைநிலை வெட்டுக்கான பகுதியை மட்டும் எந்தத் திரவத்திலும் இடாமல், அதைப் பெறும் ஆய்வகம் கேட்டபடி அனுப்ப வேண்டும்.

நம் ஊர் மருத்துவமனைகளில் ரெசின் வேலைக்கு வசதி இல்லையென்றால் மதுரைக்கோ வேலூருக்கோ பெங்களூருவுக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் பேருந்தில் போகும் பெட்டிக்குள் க்ளூட்டரால்டிஹைடு குப்பி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஆனால் உறைந்துவிடக் கூடாது. ஐஸ் பொட்டலத்துக்கும் குப்பிக்கும் நடுவே மடித்த துணி ஒன்று இருந்தால் போதும். உறைந்த நரம்பில் உருவாகும் பனிப் படிகங்கள் விட்டுச் செல்லும் ஓட்டைகளை எந்தச் சாயமும் மறைக்காது.

படி 2: எந்த ஸ்லைடு எதைச் சொல்லும் என அறிதல்

பாரஃபின் முறையில் பயன்படும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுகின்றன. மையலின் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது என்பதால், சாதாரண ஹிமடாக்ஸிலின்–இயோசின் ஸ்லைடில் உறை இருந்த இடம் வெற்றிடமாகவோ வலைபோலவோ தெரியும். அழற்சிச் செல்கள், இரத்தக் குழாய்கள், கிருமிகள், அமிலாய்டு (திசுவில் படியும் புரதம்) ஆகியவற்றைத் தேட அந்த ஸ்லைடு ஏற்றது. உறையின் தடிமனை அதில் அளக்க முயல வேண்டாம். அதற்கு ரெசினில் புதைத்து, சுமார் 1 மைக்ரோமீட்டர் கனத்தில் வெட்டி, டொலுயிடின் நீலம் ஏற்றிய குறுக்கு வெட்டே வேண்டும். ஆஸ்மியம் கொழுப்பைப் பிடித்துவைத்திருப்பதால், மையலின் அங்கே அடர்நீல வளையமாகவும் அதன் நடுவே ஆக்ஸான் (நரம்பு இழையின் உள்தண்டு) வெளிறிய வட்டமாகவும் தெளிவாகத் தெரியும்.

படி 3: குறைந்த பெருக்கத்தில் முழு நரம்பையும் சுற்றிவருதல்

முதலில் 4 மடங்கு, பிறகு 10 மடங்கு லென்ஸில் எல்லா நரம்புக் கற்றைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு கற்றையையும் பெரிநியூரியம் என்னும் போர்வை சூழ்ந்திருக்கும். அதனுள்ளே எண்டோநியூரியம் என்னும் மென்திசுவில் இழைகள் கிடக்கும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எல்லாக் கற்றைகளும் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது ஒன்று வெறிச்சோடிக் கிடக்க அடுத்தது நன்றாக இருக்கிறதா?

பரம்பரையாக வரும் சார்க்கோ–மாரி–டூத் நரம்பு நோயின் முதல் வகையில், அதன் மிகப் பரவலான 1ஏ பிரிவில், 17ஆம் குரோமோசோமில் உள்ள பிஎம்பி22 மரபணு இரட்டிப்பாகியிருப்பதால், மையலின் உறையிடும் ஷ்வான் செல்கள் உடல் முழுவதிலும் பிறவியிலிருந்தே ஒரே குறையைச் சுமக்கின்றன. ஆகவே கற்றைக்குக் கற்றை வேறுபாடு குறைவு. நோயெதிர்ப்பு ஆற்றல் வழிதவறித் தாக்கும் சிஐடிபி என்னும் நாள்பட்ட அழற்சி நரம்பு நோயிலோ பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும். ஒரே கற்றைக்குள்ளும் ஓரிடம் கெட்டு மற்றோரிடம் தப்பியிருக்கும். இந்த வேறுபாட்டை எண்ணெய் லென்ஸில் நூறு இழைகளைப் பார்த்தாலும் பிடிக்க முடியாது. பெரிநியூரியத்துக்குச் சற்று உட்புறமாக வெளிறிய நீர்க்கோர்வை இருந்தால் அதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அது அழற்சியின் பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம்.

படி 4: உறையை ஆக்ஸானோடு ஒப்பிடுதல்

இப்போது 40 மடங்குக்கும் பின்னர் 100 மடங்குக்கும் செல்லலாம். வயது வந்தவரின் இயல்பான சூரல் நரம்பில் சிறிய இழைகளும் பெரிய இழைகளும் கலந்திருக்கும். அவற்றின் விட்டம் சுமார் 4 மைக்ரோமீட்டரிலும் சுமார் 10 மைக்ரோமீட்டரிலுமாக இரு குவியல்களாக அமையும். சிறிய இழைக்கு மெல்லிய உறை இருப்பது இயல்பு. எனவே ‘மெல்லியது’ என்ற தீர்ப்பைத் தனியே உறையைப் பார்த்துச் சொல்லக் கூடாது. உள்ளே இருக்கும் ஆக்ஸானின் பருமனுக்கு அது போதுமா என்று பார்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கான அளவை ஜி விகிதம் என்பார்கள்: ஆக்ஸானின் விட்டத்தை இழையின் மொத்த விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. ஆக்ஸான் 6 மைக்ரோமீட்டரும் முழு இழை 10 மைக்ரோமீட்டரும் இருந்தால் விகிதம் 0.6, இது இயல்பு. அதே 6 மைக்ரோமீட்டர் ஆக்ஸானைச் சுற்றி உறையோடு மொத்தம் 7 மைக்ரோமீட்டர் மட்டுமே இருந்தால் விகிதம் 0.86 ஆகிறது, இந்த இழை ஒருமுறை உறையை இழந்து, மறுபடியும் குறைவாகப் பெற்றிருக்கிறது. உறையே இல்லாத ஆக்ஸானில் விகிதம் 1.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ரான்வியர் கணுவிலோ (அடுத்தடுத்த இரு மையலின் துண்டுகளுக்கு நடுவே உள்ள உறையற்ற இடம்) அதன் அருகிலோ வெட்டு விழுந்தால் நலமான இழையும் உறையற்றதாகவோ மெலிந்ததாகவோ தோன்றும். ஆகையால் ஓரிரு இழைகளை நம்பக் கூடாது. இரண்டாவது, சிறிய மெல்லுறை இழைகள் மூன்று நான்கு ஒட்டி நெருங்கிக் கூட்டமாக இருந்தால், அது அறுந்துபோன ஆக்ஸான் மீண்டும் முளைத்ததன் அடையாளம். அதாவது, முதல் நோய் ஆக்ஸானில் இருந்திருக்கலாம். மையலின் நோயில் மெல்லுறை இழைகள் தனித்தனியாகவும், அவற்றின் ஆக்ஸான்கள் பருமனாகவும் இருக்கும்.

படி 5: வெங்காய வளையங்களைத் தேடுதல்

உறை ஒவ்வொரு முறை சிதையும்போதும் ஷ்வான் செல்கள் பெருகுகின்றன. அவற்றில் ஒன்றுதான் ஆக்ஸானைச் சுற்றிப் புதிய உறையிடுகிறது. மற்றவை வேலையின்றி வெளியே தள்ளப்பட்டு, அதே ஆக்ஸானைச் சூழ்ந்து நிற்கின்றன. இழப்பும் சீரமைப்பும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தால், குறுக்கே நறுக்கிய சின்ன வெங்காயம்போல அடுக்கடுக்காகச் செல் நீட்சிகளும் அவற்றிடையே கொலாஜன் நார்களும் தெரியும். ஆயினும் சமையலறை வெங்காயத்தைப்போல ஒவ்வோர் அடுக்கும் முழு வட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலானவை பிறைத் துண்டுகளே. டொலுயிடின் நீலத்தில் அவை மங்கலாகத் தெரிவதால், ஆக்ஸானைச் சுற்றி வளைந்து படுத்திருக்கும் உட்கருக்களை முதலில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து வளையத்தைத் தொடருங்கள். ஐயமிருந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கி தீர்த்துவைக்கும்.

ஏறக்குறைய எல்லாப் பெரிய இழைகளையும் வளையங்கள் சூழ்ந்திருந்தால் பரம்பரை நோயை நினையுங்கள். ஆங்காங்கே மட்டும் இருந்தால், அருகில் மையலின் துகள்களை விழுங்கிய மேக்ரோஃபேஜ்களும் சிறு இரத்தக் குழாய்களை ஒட்டிய டி லிம்போசைட்டுகளும் உள்ளனவா என்று பாருங்கள்; முறையே சிடி68, சிடி3 சாயங்கள் இதற்கு உதவும். நடு ஆக்ஸான் மறைந்து வெறும் வளையம் மட்டும் எஞ்சியிருப்பதும் உண்டு. நீண்டகால மையலின் இழப்பு கடைசியில் ஆக்ஸானையும் கொண்டுபோய்விடுகிறது என்பதற்கு அது சான்று. நோயாளியின் தசை மெலிவுக்கு ஆக்ஸான்களின் இழப்பே பெரிதும் காரணம்.

வளையத்தின் செல்கள் ஷ்வான் செல்களைக் காட்டும் எஸ்100 சாயத்தை ஏற்காமல், பெரிநியூரியச் செல்களைக் காட்டும் இஎம்ஏ சாயத்தை ஏற்றால், அது ஷ்வான் செல் வளையமன்று. பெரிநியூரியோமா என்னும் கட்டி. அரிதானது, ஆனால் மறக்கக் கூடாதது.

படி 6: தனி இழைகளைப் பிரித்துப் பார்த்தல்

பொறுமை உள்ளவர்களுக்கான படி இது. ஆஸ்மியம் ஏற்றிய கற்றையிலிருந்து ஒவ்வோர் இழையாக ஊசிமுனையால் பிரித்துக் கண்ணாடியில் கிடத்தினால், கணுவுக்குக் கணு உள்ள நீளம் தெரியும். இயல்பில் பருத்த இழைக்கு நீண்ட இடைவெளி. உறை மீண்டும் வளர்ந்த இடத்தில் இழை எவ்வளவு பருத்திருந்தாலும் இடைவெளி குறுகியே இருக்கும். நீண்ட கரிய பகுதி, உறையற்ற பகுதி, குறுகிய மெல்லிய பகுதி என ஒரே இழையில் மாறிமாறி வந்தால் அதுவே துண்டுவாரி மையலின் இழப்பு. 1880இல் கோம்போ என்ற பிரெஞ்சு மருத்துவர் ஈயம் ஊட்டப்பட்ட கினிப் பன்றிகளின் நரம்பில் விவரித்ததும் இதைத்தான்.

படி 7: தொழுநோயை விலக்குதல்

தோலில் தேமல் இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் தொழுநோய் நம் பகுதியில் இன்னும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. அதுவும் மையலினைச் சிதைக்கும். பாரஃபின் ஸ்லைடில் பெரிநியூரியம் தடித்திருந்தாலோ, நுரைபோன்ற மேக்ரோஃபேஜ்களோ கிரானுலோமாவோ (அழற்சிச் செல்களின் முடிச்சு) தென்பட்டாலோ, தொழுநோய்க் கிருமியைக் காட்டும் ஃபைட் சாயம் இன்றி அறிக்கையைக் கையெழுத்திட வேண்டாம்.

படி 8: அறிக்கை எழுதுதல்

எத்தனை கற்றைகள் பார்க்கப்பட்டன, பாதிப்பு சீரானதா திட்டானதா, மெல்லுறை இழைகளும் வெங்காய வளையங்களும் எந்த அளவில் உள்ளன, ஆக்ஸான் இழப்பு எவ்வளவு, அழற்சி உண்டா என்ற வரிசையில் எழுதுங்கள். சிஐடிபியில் நோய் நரம்பின் மேற்பகுதியில் மட்டும் இருந்து சூரல் துண்டு இயல்பானதாகவே தோன்றக்கூடும் என்பதால், ‘சிஐடிபி இல்லை’ என்று ஒருபோதும் முடிக்க வேண்டாம். அது ஸ்டீராய்டுக்கும் இம்யூனோகுளோபுலினுக்கும் கட்டுப்படக்கூடிய நோய் என்பதால், இந்த ஒரு சொல் நோயாளியின் சிகிச்சையையே தடுத்துவிடும். சீரான வளையங்கள் கண்ட அறிக்கையில், உடன்பிறந்தோரின் பாத வளைவையும் நரம்புக் கடத்தல் வேகத்தையும் பரிசோதிக்குமாறு ஒரு வரி சேர்க்கவும். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணந்தவர்களானால் இருவரிடமிருந்தும் வந்து சேரும் ஒடுங்கு மரபணு வகைகளையும் தேடச் சொல்லி அந்த வரியை நீட்டவும்.