நேரலை வகுப்பு: பதிவைப் பற்றிக் கேளுங்கள்

குழந்தை நேரலை வகுப்பில் சேரும் முன் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வகுப்பைப் பதிவு செய்கிறார்களா, யார் பார்க்கலாம், எப்போது அழிப்பார்கள்? எனக்கு நேரலையைவிடப் பதிவுதான் கவலை. குழந்தையின் முகம், குரல், வீட்டின் பின்னணி எல்லாம் அதில் தங்கிவிடும். அமெரிக்காவில் மாணவர் ஆவணங்களின் தனியுரிமையைக் காக்கும் 1974-ஆம் ஆண்டு ஃபெர்பா (FERPA) சட்டப்படி, ஒரு மாணவரை நேரடியாகச் சார்ந்த காணொளியைப் பள்ளி வைத்திருந்தால் அது கல்வி ஆவணமாகலாம். பெற்றோர் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். 13 வயதுக்குக் கீழ் என்றால், இணையத்தில் குழந்தைகளின் தகவல்களைத் திரட்டுவதைக் கட்டுப்படுத்தும் காப்பா (COPPA) சட்டமும் அங்கே உண்டு. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. கேமராவை அணைத்து வைக்க அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பின்னணியை மங்கலாக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவையுங்கள்.