பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்டால்: வீட்டு இரசாயனத்துக்குப் பதில் சொல்லும் முறை

மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஏழாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி, வெறுந்தேநீரில் எலுமிச்சம் சாறு விட்டதும் அதன் நிறம் ஏன் வெளுக்கிறது என்று என்னிடம் கேட்டாள். சாறு சேர்ந்ததால் சாயம் ஐதாகிவிட்டது என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் ஒரே கேத்தல் தேநீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றில் ஒரு தேக்கரண்டிச் சாறும் மற்றதில் ஒரு தேக்கரண்டித் தண்ணீரும் விட்டாள். சாறு விட்ட குவளை பொன்னிறமானது. தண்ணீர் விட்டது முன்பு இருந்தபடியே இருந்தது. “சேர், ரெண்டுலயும் ஒரே அளவுதான் ஊத்தினேன்” என்றாள். அன்றிலிருந்து எந்தக் கேள்விக்கும் அவள் செய்ததையே முதற்படியாக வைத்துக்கொள்கிறேன்: மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. விளக்கமும் பாடப்புத்தகப் பெயரும் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். “அது அமிலம், அதனால்தான்” என்று சொல்வது பதிலைப் போலத் தோன்றினாலும், பிள்ளையின் கையில் ஒரு பெயரைக் கொடுத்துக் கேள்வியை மூடிவிடுவதாகவே முடிகிறது.

அந்தத் தேநீரின் உண்மை விளக்கம் இதுதான். கறுப்புத் தேநீருக்குச் செம்பழுப்பு நிறம் தருவதில் பெரும்பங்கு தியரூபிஜின் எனப்படும் சேர்வைகளுடையது. அவை மென்மையான அமிலங்கள். எலுமிச்சையின் சித்திரிக்கமிலம் நீரில் ஐதரசன் அயன்களைக் கூட்டும்போது, அவற்றைப் பற்றிக்கொண்ட தியரூபிஜின்கள் ஒளியை முன்பைவிடக் குறைவாக உறிஞ்சும் வடிவத்துக்கு மாறுகின்றன. இதைச் சொல்வதற்கு முன்னரே இன்னொரு குவளையில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடச் சொல்லுங்கள், தேநீர் கறுத்துப்போகும். அதே குவளையில் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டால் காபனீரொட்சைட்டு நுரைத்து வெளியேற, நிறம் மறுபடியும் வெளுக்கும். போன நிறம் திரும்பி வருவதைக் கண்ட பிள்ளைக்கு, சாயம் அழியவில்லை, வடிவம்தான் மாறியது என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மஞ்சளிலும் இதே ஆட்டம் உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்ததும் அது சிவப்பதை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிவப்பு நீரில் எலுமிச்சம் சாறு விட்டால் மஞ்சள் திரும்புவதைப் பார்த்தவர்கள் குறைவு. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், மூலத்தில் (சுண்ணாம்பு, சவர்க்காரம் போன்ற காரப் பொருளில்) சிவந்து அமிலத்தில் மஞ்சளாவதால், இது அமிலமா மூலமா என்று நிறத்தால் சொல்லும் ஒரு நல்ல காட்டி. சட்டையில் பட்ட கறிக்கறை சவர்க்காரம் போட்டதும் ஏன் சிவந்தது என்று அம்மா கேட்டாலும் இதே பதில்தான்.

கொழுந்து பச்சையாகத்தானே இருக்கிறது, தேயிலைத்தூள் ஏன் கறுப்பு என்ற கேள்வி மலையகத்தில் தவறாமல் வரும். தொழிற்சாலையில் சாயம் கலக்கிறார்கள் என்று நம்பும் பெரியவர்களையும் நான் கண்டதுண்டு. வாட்டிய கொழுந்தை உருளை இயந்திரம் நசுக்கும்போது இலையின் கலங்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த பொலிபீனோல்கள் எனும் சேர்வைகளும், அவற்றின் மாற்றத்தைத் துரிதப்படுத்தும் புரதமான நொதியமும் ஒன்று சேர்கின்றன. காற்றின் ஒட்சிசனும் கூட, ஒட்சியேற்றம் நடந்து இலை செம்பு நிறமாகிறது, பின்னர் சூட்டில் உலர்ந்து கறுக்கிறது. இதை நொதித்தல் என்று சொல்வது பழக்கமாகிவிட்டது என்றாலும், தோசை மா புளிப்பதுபோல நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அல்ல இது. செய்து காட்டுவது எளிது. ஒரு பிடி கொழுந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் நன்றாகக் கசக்கித் தட்டில் வையுங்கள். ஓரிரு மணித்தியாலத்தில் பச்சைப் பங்கு பழுப்பாகும். சூடு கண்ட பங்கில் நொதியம் செயலிழந்திருப்பதால் அவ்வளவாக மாறாது. பச்சைத் தேயிலையின் இரகசியமும் அதுதான்.

சில கேள்விகள் இரசாயனமாகவே இராது. அதையும் சொல்லிவிடலாம், தள்ளிவிடத் தேவையில்லை. நுவரெலியாவில் பருப்பு அவிய ஏன் நேரம் பிடிக்கிறது என்றால், குளிர்தான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதைக் குளிர் தாமதப்படுத்துமே தவிர, கொதித்த பிறகு அதற்கு வேலை இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் குறைவு. ஆகவே கொழும்பில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், அங்கே ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. விறகை எவ்வளவு தள்ளினாலும் மூடாத சட்டியில் நீர் அதற்கு மேல் சூடேறாது, வற்றத்தான் செய்யும். கொழும்பிலிருந்து மலைக்கு வந்த முறுக்குப் பைக்கற்று உப்பிப் போயிருப்பதைக் கையில் கொடுத்துவிட்டு இந்த விளக்கத்தைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைவதும் இப்படித்தான்: ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே அது திண்மமாகிறது, சூடு காட்டினால் உருகுகிறது, புதிய பொருள் எதுவும் உண்டாவதில்லை.

செய்து பார்க்கும் ஆவல் வந்த பிள்ளை உங்களிடம் கேட்காமலும் செய்து பார்க்கும் என்பதால், தொடக்கூடாதவற்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெளிற்றும் தூளையோ திரவத்தையோ கழிவறை கழுவும் அமிலத்தோடு சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். வெற்றிலைச் சுண்ணாம்பு சிறிதளவு கண்ணில் பட்டாலும் ஆபத்து. உடனே ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மலையில் மருந்தடித்த வெற்றுக் கான், எத்தனை முறை கழுவினாலும், எந்தப் பரிசோதனைக்கும் உதவாது.

அண்மையில் மூன்றாம் தரத்துப் பையன் ஒருவன், தண்ணீரில் போட்ட உப்பு எங்கே போகிறது என்று கேட்டான். கரைந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, ஒரு தட்டில் இரண்டு தேக்கரண்டி உப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். அது மழைமூட்டமான ஆடி மாதம், சன்னலோரத்தில் நான்கு நாள் வைத்தும் தட்டு காயவில்லை. லயத்துக்குக் கொண்டுபோய் அவன் பாட்டியின் அடுப்புத் திண்ணையில், விறகு காயும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடப் பைக்குள் தட்டை நிமிர்த்தியபடியே தூக்கி வந்து, விளிம்பில் படிந்திருந்த சதுரச் சதுரமான பளிங்குகளைக் காட்டினான். ஒன்றை ஏற்கெனவே நக்கிப் பார்த்திருந்தான்.