விடுதிப் பள்ளியின் பழைய பதிவேடுகளைக் காப்பது எப்படி?

பினாங்கில் ஒரு பழைய மாணவர் விடுதியின் சாமான் அறையைத் திறந்தோம். சிமென்டுத் தரையில் அடுக்கியிருந்த சேர்க்கைப் பதிவேடுகளில் அடியில் இருந்தது தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கியபோது கடைசிப் பக்கங்கள் கையோடு வரவில்லை. அந்தப் பக்கங்களில் இருந்த பிள்ளைகளின் பெயர்கள் வேறெங்கும் இல்லை.

ஆகவே ஸ்கேனர் வாங்க ஓடாதீர்கள். முதல் வேலை, எல்லாவற்றையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றுவது. இரும்பு அலமாரி போதும். சுவரை ஒட்டாமல் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கும். பினாங்கில் அது பெரும்பாலும் 80ஐ ஒட்டியே இருக்கிறது. பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்துவதைவிட, எந்நேரமும் காற்றோடும் அறை நல்லது.

இரண்டாவது, இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். எடுப்பதற்கு முன் அலமாரியைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். விடுதிக் காப்பாளர் அரிசிக் கணக்கையும் பெற்றோர் கடிதங்களையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால், அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். பிறகு ஒரு நோட்டில் எண், தலைப்பு, ஆண்டு, கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். ஜப்பானியர் ஆண்ட 1941 டிசம்பர் முதல் 1945 வரை பதிவேடு இல்லையென்றால், இல்லை என்பதையும் எழுதுங்கள். 2603 என்று போட்ட கடிதம் கிடைத்தால் பிழையென்று திருத்திவிடாதீர்கள். ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் அது 1943.

மூன்றாவது, சுத்தம். முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் பக்கத்தின் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடையுங்கள். துருப்பிடித்த பின்களை மெல்லக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைத் தின்னும். பக்கங்களுக்கிடையே வேப்பிலை வைக்கும் பழக்கமும் வேண்டாம், கறை படியும். இராமபாணப் பூச்சி இருந்தால், காய்ந்த பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் பிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும். புகைப்படங்களை இப்படி வைக்காதீர்கள்.

புகைப்படங்களுக்குத் தேவை பெயர்கள். இந்த வேலைக்குத்தான் நேரம் மிகக் குறைவு. வரிசையாக நிற்கும் நாற்பது பையன்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது. தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெளியூர்களிலிருந்தும் பழைய மாணவர்கள் வருவார்கள். அந்த வாரத்தில் படங்களின் பெரிய நகல்களை மேசையில் விரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் எண் இட்டு வையுங்கள். பெயரோடு பட்டப்பெயரையும், வந்த தோட்டத்தையும் (எஸ்டேட்) கேட்டு எழுதுங்கள். தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயரும் தமிழர் வாயில் வேறு பெயரும் இருக்கும், இரண்டும் வேண்டும். மூலப் படத்தில் பேனா படக்கூடாது. பெயர்களை உறையின்மேல் பென்சிலால் எழுதிய பிறகே படத்தை உள்ளே வையுங்கள்.

இனி ஸ்கேன். எழுத்துப் பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, புகைப்படங்களுக்கு 600. டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சேமித்து மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று பள்ளிக்கு வெளியே இருக்கட்டும். தண்டனைப் பதிவேட்டையும் மருத்துவக் குறிப்புகளையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். அதில் உள்ளவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள்.

இடம் போதவில்லை என்று எதையும் எரிக்க வேண்டாம். அரசுப் பள்ளியாக இருந்தால், மலேசியாவின் 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, காப்பகத் தலைமை இயக்குநரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் பொது ஆவணங்களை அழிக்க முடியாது. முடித்த பட்டியலின் ஒரு நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், இன்னொன்றை அந்த அலமாரியின் உள்கதவில் ஒட்டுங்கள்.