பயோஃபில்டரைக் காயப்போடாதீர்கள்

பெயரில் 'ஃபில்டர்' இருப்பதால்தான் பாதிக் குழப்பம். ஆலையின் நாற்றக் காற்று மரச்சில்லும் கம்போஸ்ட்டும் நிரப்பிய படுகைக்குள் போகிறது, நாற்றமில்லாமல் வெளியே வருகிறது. சல்லடைபோல எதையோ பிடித்து வைத்துக்கொள்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில், சில்லுகளின் மேல் படர்ந்த ஈரப் படலத்தில் மாசு கரைகிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கின்றன. ஈரம் இல்லையென்றால் பந்தியே கிடையாது.

அதனால் தண்ணீரில் செய்யும் தவறுதான் முதல் தவறு. "மேலே தெளித்துக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பார்கள். சரி, காற்று எங்கிருந்து வருகிறது? கீழிருந்து வந்தால் முதலில் காய்வது அடிப்பகுதி. ஈரம் குறைந்த காற்று நுழைந்த இடத்திலேயே தண்ணீரை உறிஞ்சும். போதாததற்கு நுண்ணுயிர்கள் தின்னும்போது வெளிவிடும் சூடும் சேரும். மேலே பார்த்தால் பளபளவென்று ஈரம், அடியில் புழுதி. ஒரு முறை நன்றாகக் காய்ந்த கம்போஸ்ட் தண்ணீரை ஏற்காது. தெளித்ததெல்லாம் இடுக்கு வழியே ஓடிவிடும். ஆகவே காற்றை உள்ளே விடும் முன்பே ஈரப்படுத்துங்கள். அப்புறம், அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். உருண்டையாக நின்று ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. உதிர்ந்தால் வறட்சி, ஒழுகினால் வெள்ளம். வெள்ளத்தில் ஆக்சிஜன் நுழையாமல் படுகையே நாறத் தொடங்கும்.

அடுத்தது, எல்லாக் குழாய்களையும் ஒரே படுகையில் கொண்டுவந்து சேர்ப்பது. ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தின்னும் பாக்டீரியா கந்தக அமிலத்தை உண்டாக்கும். பிஎச் 2-க்கு இறங்கினாலும் அவற்றில் சில தாக்குப்பிடிக்கும். பக்கத்தில் கரைப்பான்களைத் தின்றுகொண்டிருந்தவை தாங்காது, கம்போஸ்ட்டும் சிதையும். இரண்டும் வருகிறதென்றால் இரண்டு கட்டமாகப் பிரிப்பதே புத்திசாலித்தனம்.

உற்பத்தியைக் கூட்டும்போது படுகையை மறந்துவிடுகிறார்கள். 40 கன மீட்டர் படுகையில் மணிக்கு 4,000 கன மீட்டர் காற்று போனால், காற்று உள்ளே தங்க 36 விநாடி கிடைக்கும் (சில்லு அடைக்கும் இடத்தைக் கழிக்காத காலிப் படுகைக் கணக்கு இது). காற்றை இரட்டிப்பாக்கினால் 18 விநாடிதான். ஆல்கஹாலுக்கு அது ஒருவேளை போதலாம், தண்ணீரில் கரைய மறுக்கும் ஹெக்சேன் போன்ற கரைப்பானுக்குப் போதாது.

40 டிகிரிக்கு மேற்பட்ட காற்றைக் குளிர்விக்காமல் விடுவது, தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முன்கூட்டியே பிடிக்காமல் விடுவது - இவற்றை விளக்கவே வேண்டாம்.

பொறுமையின்மையும் ஒரு தவறுதான். புதுப் படுகை பழக நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ ஆகும். மூன்றாம் நாளே பாக்டீரியாப் பொடி வாங்கிக் கொட்டுவது பெரும்பாலும் வீண்செலவு என்பது என் கருத்து. நீண்ட விடுமுறையில் ப்ளோயரை முழுவதும் நிறுத்துவதோ இதைவிட மோசம். கொஞ்சம் காற்றும் ஈரமும் தொடர்ந்து போகட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் நாற்றம் வருகிறதா? படுகையின் சுவரோரமாக நடந்து பாருங்கள். சில்லு அமுங்கி, சுவருக்கும் படுகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்திருக்கும்; காற்று அந்தக் குறுக்குவழியில்தான் போய்க்கொண்டிருக்கும்.