புது பைக்காரருக்கு: கொழும்பு வெயிலிலும் கழற்றாமல் போடக்கூடிய கவசங்கள்

லைசன்ஸ் எடுத்து, பைக்கும் கைக்கு வந்துவிட்டவர்களுக்கு இது. எந்த பைக் நல்லது, கியர் எப்படி மாற்றுவது என்பதெல்லாம் இங்கே இல்லை. உடம்பில் எதைப் போடுவது, கடையில் எப்படிப் பார்த்து எடுப்பது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கக் காசு இல்லாவிட்டால் என் ஒழுங்கு இது: ஹெல்மெட், கையுறை, சப்பாத்து, கடைசியில் ஜக்கெட். பலர் ஜக்கெட்டில்தான் தொடங்குகிறார்கள். படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்பது தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

படி 1: ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். பொலிஸ் மறிக்காவிட்டால் போதும் என்பதற்கென்றே செய்த மெல்லிய அரை ஹெல்மெட்டுகளும் கடைகளில் தொங்குகின்றன. உள்ளே கையை விட்டு அழுத்துங்கள். துணிக்குக் கீழே வெறும் பஞ்சு மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அங்கே தடிப்பான, கெட்டியான ரிஜிபோம் (பொருட்களைப் பொதி செய்யும் வெள்ளை நுரை போன்றது) இருக்கவேண்டும். அடி விழும்போது நசுங்கி, அதன் வேகத்தை வாங்கிக்கொள்வது அதுதான். ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது, வெளியே பார்த்தாலும் தெரியாது. பாவித்த ஹெல்மெட்டை யார் சும்மா தந்தாலும் வேண்டாம் என்பது இதனால்தான்.

அப்புறம் நாடிப் பட்டியைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.சி.ஈ. உள்ள ஹெல்மெட்டில் ஒரு சிறு துணித்துண்டு தைத்திருக்கும். வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 3 என்றால் இத்தாலி, 4 நெதர்லாந்து, 9 ஸ்பெயின். பக்கத்தில் உள்ள நீண்ட எண் 06 என்று தொடங்கினால் அது புதிய 22.06 தரம், 05 என்றால் பழையது. புதியதில் சாய்வாக விழும் அடியையும் சோதிக்கிறார்கள். தலை சட்டென்று சுழல்வதால் மூளைக்கு வரும் காயத்தைக் கணக்கில் எடுக்கும் சோதனை அது. எண்ணுக்குப் பின்னால் 'பி' இருந்தால் நாடிப் பகுதியும் காக்கும், 'ஜே' என்றால் முகம் திறந்த வகை. ஹெல்மெட் ஓட்டின் பின்புறம் ஒட்டிய, அமெரிக்கத் தரத்தைக் குறிக்கும் 'டொட்' ஸ்டிக்கரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம்.

முழுமுக ஹெல்மெட்தான் என் தெரிவு, வியர்த்தாலும். 2015இல் இதைத் தடை செய்வதாகப் பொலிஸ் அறிவித்து, அது நீதிமன்றத்தில் இடைநிறுத்தப்பட்டது. இன்றும் "அது தடைதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாங்குக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள், பிரச்சினை இல்லை.

படி 2: அளவு

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே வைத்து, பின்தலை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். 57, 58 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலும் மீடியம், 59, 60 என்றால் லார்ஜ். கம்பனிக்குக் கம்பனி மாறும் என்பதால் அவரவர் அட்டவணையைக் கேளுங்கள்.

அட்டவணை சுற்றளவை மட்டும்தான் சொல்லும், தலையின் வடிவத்தைச் சொல்லாது. என் தலை முன்பின்னாக நீளம். நான் போட்டுப் பார்த்த மீடியம் எல்லாம் கன்னத்தில் சரியாக இருந்து, நெற்றியில் மட்டும் ஆணி வைத்ததுபோல் குத்தின. லார்ஜ் எடுத்தால் குத்தாது, ஆனால் பக்கவாட்டில் ஆடும். கடைக்காரர் "போடப் போட இளகும் தம்பி" என்பார். கன்னத்துப் பஞ்சுக்கு அது உண்மை, சில வாரங்களில் இளகும். நெற்றியில் குத்துவது ரிஜிபோம் என்றால் அது இளகாது. அங்கே சைஸை மாற்றிப் பயனில்லை, மொடலையோ கம்பனியையோ மாற்றவேண்டும்.

ஆகவே கடையில் இப்படிச் செய்யுங்கள். போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கழற்றிக் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். ஒரே இடத்தில் சிவந்திருந்தால் அது உங்கள் ஹெல்மெட் இல்லை. திரும்பப் போட்டுப் பட்டியைக் கட்டி, தலையை அசைக்காமல் ஹெல்மெட்டை இரு பக்கமும் திருப்புங்கள். கன்னத்துத் தோலும் கூடவே இழுபடவேண்டும். கடைசியாக, பின்விளிம்பைப் பிடித்து மேலே, முன்னோக்கித் தள்ளுங்கள். கழன்று வந்தால் விழும்போதும் கழன்று போகும்.

படி 3: பட்டி

கிளிக் பூட்டு வசதிதான், ஆனால் எனக்கு இரட்டை வளையம்தான் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் தேவையான இறுக்கத்துக்கு இழுக்கலாம். பட்டியை இரண்டு வளையத்துக்குள்ளாலும் விட்டு, வெளி வளையத்துக்கு மேலால் மடித்து, உள் வளையத்துக்குள் மட்டும் திரும்ப விட்டு இழுங்கள். நாடிக்குக் கீழே இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். நுனியில் உள்ள பட்டன் பட்டி காற்றில் அடிக்காமலிருக்க மட்டும்தான், அது பூட்டு அல்ல. கொழும்பின் காலி வீதியில் பட்டி தொங்கத் தொங்கப் போகிறவர்களைப் பார்க்கும்போது, அவர்கள் எதற்கு அதைச் சுமக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஹெல்மெட் சாவுக்கான அபாயத்தைச் சுமார் 42 வீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 வீதமும் குறைக்கிறது என்று 2008இல் வந்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு சொல்கிறது. தலையில் நின்றால்தான் இந்தக் கணக்கெல்லாம்.

படி 4: கையும் காலும்

விழும்போது கை தானாக முன்னே போகும், யாராலும் தடுக்க முடியாது. உள்ளங்கையில் கெட்டியான தட்டும் மணிக்கட்டில் பட்டியும் உள்ள கையுறை எடுங்கள். விரல் இல்லாதது வேண்டாம். சப்பாத்து கணுக்காலை மூடினால் போதும். லேஸின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். செருப்போடு போவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

படி 5: ஜக்கெட்

தோல் ஜக்கெட் இந்த ஊருக்குச் சரிவராது. இரண்டாம் நாளே அலமாரிக்குள் போய்விடும். வலைத்துணி ஜக்கெட் எடுங்கள். தோளிலும் முழங்கையிலும் உள்ள தட்டுகளை வெளியே எடுத்து, இத்தகைய தட்டுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 1621 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அதில் லெவல் 2, லெவல் 1ஐவிடக் கூடுதலாக அடியை வாங்கும். வெறும் பஞ்சுத் துண்டு வைத்து விற்பவையும் உண்டு. முதுகுத் தட்டைப் பெரும்பாலும் தனியாக வாங்கவேண்டும்.

மே மாத மழைக்கு ரெயின்கோட்டை ஜக்கெட்டுக்கு மேலே போடுங்கள். வைசர் (ஹெல்மெட்டின் முன்கண்ணாடி) உள்ளே புகைபடிந்தால் பின்லொக் என்ற உட்கண்ணாடி நல்ல தீர்வு, வைசரில் அதற்கான இரண்டு குமிழ் இருக்கவேண்டும். கறுப்பு வைசர் இரவில் வேண்டாம்.

பிறகு சேர்த்தவை

படித்தவர்கள் கேட்டவற்றில் மூன்று. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கடைக்கு அதையும் கொண்டுபோங்கள், நேரான காம்பு உள்ள ஃபிரேம் சுலபமாக நுழையும். உயரக் கொண்டை போட்டால் ஹெல்மெட் மேலே எழும்பி நிற்கும், பின்னலாகக் கழுத்துக்குக் கீழே விடுங்கள். ஹிஜாப் அணிபவர்கள் மெல்லிய துணியில், ஊசி இல்லாமல் கட்டிக்கொண்டு அளவு பாருங்கள். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் செயினுக்குள் போகாமல் செருகியிருக்கவேண்டும்.

விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மூச்சு விடுகிறார் என்றால் கழற்றாதீர்கள், கழுத்து எலும்பு உடைந்திருக்கலாம். வைசரை மட்டும் திறந்துவிட்டு, தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள். அதில் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.